மலைவழியில் இராத்தங்கல்: பழைய கோடைமலைப் பாதையைக் குறித்து

மதுரை மிஷன் வரலாற்றைக் கற்போர் 1845ஆம் ஆண்டை இரு காரணங்களுக்காக நினைவில் கொள்ளுதல் நலம். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கப்பெற்ற செமினெரி அவ்வாண்டில்தான் மதுரைக்குத் தென்மேற்கேயுள்ள பசுமலைக்கு மாறியது. அதே ஆண்டில் அதே மிஷனார் கோடைமலையின்மேல், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், ‘சன்னிசைட்’, ‘ஷெல்டன்’ என்னும் இரு வீடுகளைக் கட்டினர். பசுமலையில் எழுந்தது தமிழ் மாணாக்கர் கற்பதற்கு; கோடையில் எழுந்தவை அமெரிக்கக் குடும்பங்கள் நோயினின்று உயிர் பிழைப்பதற்கு. ஒரே ஆண்டில் இரு மலைகளில் நடந்த இவ்வேலைகளை நம் நூல்கள் வெவ்வேறு அதிகாரங்களில் கூறிச் செல்கின்றன. பசுமலை திருச்சபை வரலாற்றில் இடம்பெறுகிறது. கோடைக்கானலோ பெரும்பாலும் சுற்றுலாக் கையேடுகளுக்கு விடப்பட்டுவிட்டது.

சமவெளியையும் மலையையும் இணைத்த பழைய வழியையும், அவ்வழியில் மக்கள் கழித்த இரவுகளையும் குறித்தே இங்கு எழுத முற்படுகிறோம். வத்தலக்குண்டிலிருந்து தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் செல்லும் சாலையில், மலையின் நிழல் விழும் தொலைவில், கெங்குவார்பட்டி என்னும் ஊர் உள்ளது. மழைக்காலத்தில் அங்கிருந்து நோக்கினால் தலையாற்று அருவி மலைமுகட்டிலிருந்து ஒரு வெள்ளை நூலெனத் தொங்குவதைக் காணலாம். எலிவால் அருவி என்று மக்கள் அதற்கு இட்ட பெயர் மிகப் பொருத்தமானது. இன்று கோடைக்கானலுக்குச் செல்லும் பேருந்துகள் இவ்வூரின் அருகே ‘காட்ரோடு’ என்னுமிடத்தில் திரும்பி மலையேறுகின்றன. 1914இல் அச்சாலை முடிவதற்கு முன் அவ்வாறு ஏற இயலாது. ஒருவர் மலையுச்சியை அடையவேண்டுமெனில் வழியில் ஓரிரவேனும் தங்கியே ஆகவேண்டும். எங்கே, யார் கூரையின் கீழ், யாருடைய தோளின் துணையால் தங்கினார் என்பது சிறு செய்தியன்று.

முன்பிருந்தோர்

மிஷனெரிமார் ஏறுவதற்கு முன் இம்மலை ஆளற்ற காடாயிருந்தது என்னும் எண்ணம் இன்னும் நம்மிடையே உலவுகிறது. அது தவறு. மலைமேல் மன்னவனூர், பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்களில் குன்னுவர் படிவயல் அமைத்துப் பயிரிட்டு வாழ்ந்தனர். 1821இல் அளவைப் பணிக்காக ஏறிய லெப்டினன்ட் வார்டு என்பவர் வெள்ளகவி என்னும் குன்னுவர் ஊர் வழியாகவே மேலே சென்றார். எனவே கோடைக்கானலை ‘முதன்முதல் கண்டவர்’ என்று எவரையும் எழுதுவதற்கு முன் மாணவர் சற்றே நிதானித்தல் வேண்டும். அவர் நடந்த பாதை முன்னமே மனிதர் நடந்து தேய்ந்த பாதை.

குன்னுவருக்கும் முற்பட்டோர் பளியர். இவர்கள் மலைச்சரிவுகளில் கிழங்கும் தேனும் தேடி வாழ்ந்தவர்கள். பாறைகளின் அடியில் இயற்கையாய் அமைந்த குடைவுகளைப் புடவு என்று தேனிப் பகுதியில் சொல்வர். மழையிலும் குளிரிலும் பளியர் அப்புடவுகளிலும், தழை வேய்ந்த சிறு குடில்களிலும் இராத்தங்கினர். தீயை அணையவிடாமல் காப்பது அவ்வாழ்வின் முதல் கடமை. யானைக்கும் கரடிக்கும் அத்தீயே வேலி. பிற்காலத்தில்தான் தெரியவந்த வேறொரு பகைக்கும் அதன் புகை ஓரளவு வேலியாயிருந்திருக்கும். இயேசு சபையைச் சேர்ந்த தாமென் அடிகள் 1908இல் ‘ஆந்த்ரோப்போஸ்’ என்னும் ஆய்விதழில் இம்மக்களைக் குறித்து எழுதினார். 1960களில் பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலார் பளியருடன் தங்கி ஆராய்ந்தார். சச்சரவு நேருமிடத்து எதிர்த்து நிற்பதைவிட இடம்விட்டு அகல்வதே இம்மக்களின் வழக்கம் என்று அவர் எடுத்துக்காட்டினார். இக்குறிப்பைப் பின்னர் எரேமியாவுடன் சேர்த்துப் பார்ப்போம்.

இன்னும் பழைமையானவை மலையிலுள்ள கற்பதுக்கைகள். தாண்டிக்குடி, பெருமாள்மலை முதலிய இடங்களில் நெடுங்கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்து அமைத்தவை இவை. ஆங்கிலாத் அடிகளும் நியூட்டன் என்பாரும் இவற்றை அளந்து ஆராய்ந்த நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. தமிழகத்தின் பல பகுதிகளில் மக்கள் இத்தகைய அமைப்புகளைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் அழைப்பர். உண்மையில் அவை இறந்தோருக்கானவை. இம்மலையில் கல்லால் எழுந்து இன்றும் நிற்கும் மிகப் பழைய வீடுகள் மரித்தோரின் வீடுகளே என்பது சிந்திக்கத்தக்கது. உயிரோடிருந்தவர்கள் தழையின் கீழும் பாறையின் கீழும் படுத்தெழுந்தார்கள்.

ஐரோப்பியர் கட்டிய முதல் தங்குமிடம் 1834இல் எழுந்தது. மதுரைத் துணை ஆட்சியர் ரௌட்டன் என்பவரும், சென்னை வருவாய் வாரிய உறுப்பினர் காட்டன் என்பவரும் தேவதானப்பட்டியிலிருந்து மலையேறி, செண்பகனூருக்குக் கீழே கணவாயின் தலைப்பில் ஒரு சிறு பங்களாவை அமைத்தனர். ‘பங்களா’ என்னும் சொல்லைக் கேட்டு மாணவர் இன்றைய மாளிகைகளை மனத்தில் கொள்ளலாகாது. காட்டு நடுவில் ஏறிவந்தவன் நனையாமல் ஓரிரவு படுப்பதற்கான கூரை அது. 1836இல் தாவரவியலறிஞர் ராபர்ட் வைட் இம்மலைக்கு வந்து, தாம் கண்டவற்றை மறு ஆண்டில் சென்னை இலக்கிய விஞ்ஞான இதழில் வெளியிட்டார். பிற்காலத்தில், 1859க்குப் பின், மலையின் தொலைவான மேற்புறத்தில் பேரிஜம் பக்கம் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் படை அதிகாரி தங்கிப் படங்கள் வரைந்தார். அவ்விடம் ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ எனப்பட்டது. பெயரில் மட்டுமே கோட்டை. இருந்தது ஒரு காட்டுக் குடில்தான்.

இரவைக் கண்ட அச்சம்

அமெரிக்கன் மதுரை மிஷன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிஷனெரிமாரால் 1834இல் தொடங்கப்பெற்றது. அதன் முதல் பத்தாண்டுகள் கல்லறைகளின் ஆண்டுகளாயின. வாந்திபேதியும் காய்ச்சலும் ஊழியரையும், அவர்தம் மனைவியரையும் பிள்ளைகளையும் வாரிக்கொண்டன. எஞ்சியோரில் பலர் உடல்நலம் குன்றினர். குளிர்ந்த இடமொன்று வேண்டுமென்னும் முடிவு இன்பநாட்டத்தால் பிறந்ததன்று என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர்கள் முதலில் நாடிய மலை கோடைமலையன்று; திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள சிறுமலை. அங்கே கட்டிய தங்குமிடம் பயனளிக்கவில்லை. நலம் தேடிச் சென்றவர்கள் காய்ச்சலோடு திரும்பினர். காரணம் அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. அழுகிய தழைகளிலிருந்து இரவில் எழும் நச்சுக்காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என்று மருத்துவர் நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். நம் மக்கள் அதை மலைக்காய்ச்சல் என்றனர். காட்டில் படுத்தால் வரும் என்றும் அறிந்திருந்தனர். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் குடற்சுவரில் அக்கிருமியைக் கண்ட பின்னரே உண்மை புலனாயிற்று. மலையடிவாரத்து ஓடைகளில், மெல்ல ஓடும் தெளிந்த நீரிலும் இக்கொசுவினத்தில் சில வளரும். அவை கடிப்பது இரவில். கோடைமலையின் உச்சியில் குளிரின் மிகுதியால் கொசுவினுள் கிருமி முதிர்வதில்லை. சிறுமலையின் உயரம் அதற்குப் போதாது.

ஆகவே பழையோரின் அச்சம் பாதி சரி, பாதி தவறு. அடிவாரத்து இரவு ஆபத்தானது என்று அவர்கள் கண்டது முற்றிலும் உண்மை. காற்றின்மீது சுமத்திய பழிதான் பிழை. இப்பிழையால் ஒரு விளைவு நேர்ந்தது. சன்னல்களை இறுக அடைத்து உள்ளே படுத்தவர் தம்மைக் காத்துக்கொண்டதாக எண்ணினர்; வெளியே திறந்த வெளியில் படுத்தவரைக் குறித்து, ‘இந்நாட்டார் உடல் இக்காற்றுக்குப் பழகியது’ என்று சொல்லி அமைந்தனர். அக்கால ஆங்கிலேய அதிகாரிகளிடமும் மருத்துவர்களிடமும் பரவலாயிருந்த எண்ணம் இது. பழகிய உடல் என்று ஒன்று முழுமையாக இல்லை. சிறுவயதிலேயே பலமுறை காய்ச்சலுற்றுப் பிழைத்தவருக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகும். பிழையாதவர்களை எவரும் கணக்கிடவில்லை. முல்லைப் பெரியாற்று அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டபோது காட்டு முகாம்களில் தங்கிய கூலியாட்களை இதே காய்ச்சல் வாட்டியது. காய்ச்சல் மிகும் மாதங்களில் வேலையையே நிறுத்தி ஆட்களை இறக்கவேண்டியிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்வயல்களைக் காணும்போது இதனையும் நினைத்தல் தகும்.

தோப்பும் பன்னிரண்டு மைலும்

பெரியகுளத்துக்கு வடக்கே மலையடியில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்னுமிடத்திலிருந்து செண்பகனூர் வரை குதிரை செல்லும் பாதை 1854இல் முடிவுற்றது. நீளம் ஏறக்குறைய 12 மைல்; ஏற்றம் ஏறக்குறைய 6,000 அடி. 1875இல் இருப்புப்பாதை வந்தபின் அம்மையநாயக்கனூரில், இன்று கொடைரோடு எனப்படும் நிலையத்தில், பயணிகள் இறங்கினர். அங்கிருந்து மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாகத் தோப்பு வரை 30 மைலுக்கு மேல் பயணம். வெயிலுக்கு அஞ்சி வண்டிகள் மாலையில் புறப்பட்டு இரவெல்லாம் ஓடின. வழியில் மாடுகளை மாற்றிப் பூட்டினர். கெங்குவார்பட்டியார் அந்நாளில் கோடைக்கானலை அறிந்தது நள்ளிரவில் கழுத்துமணி ஒலியாகவும், வண்டியடியில் ஆடும் அரிக்கேன் விளக்காகவுமே இருந்திருக்கும்.

வைக்கோல் பரப்பிய வண்டிக்குள் துரைசானியும் குழந்தைகளும் குலுங்கியபடி உறங்குவர். வண்டியோட்டி உறங்குவதில்லை. தோப்பில் பயணியர் விடுதியொன்று உண்டு. எனினும் அங்கே நெடுநேரம் தங்க எவரும் விரும்பவில்லை. விடியுமுன் மலையேற்றம் தொடங்கும். உடல்வலிமை உள்ளோர் நடந்தனர், சிலர் குதிரையேறினர். பெண்டிரும் குழந்தைகளும் நோயாளரும் கழிகள் கட்டிய நாற்காலியிலும் டோலியிலும் அமர, ஆட்கள் முறைமாற்றித் தூக்கிச் சென்றனர். மனிதர் மட்டுமா ஏறினர்? பெட்டிகள், கட்டில்கள், சமையற் கலங்கள், புத்தகங்கள், கண்ணாடிச் சன்னல்கள் எல்லாம் மனிதத் தலையிலும் தோளிலுமே ஏறின. 1845இன் இரு வீடுகளுக்கான பொருள்களும் பெரியகுளத்துப் பக்கமிருந்து அவ்வாறே சென்றன. கோடைக்கானலின் பழைய வீடுகளில் இன்றும் நாம் வியந்து நோக்கும் ஒவ்வொரு தேக்குமேசைக்கும் பின்னால் 12 மைல் நடந்த கால்கள் உண்டு.

அப்பாதைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘கூலி காட்’. தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். ஆங்கிலத்திலோ அச்சொல் ஆளையே குறிக்கிறது. அவ்வாங்கிலச் சொல்லின் மூலம் தமிழ்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராக மாறிய இம்மாற்றத்தைப் புதிய ஏற்பாட்டின் வேலையாட்கள் உவமையைப் போதிப்போர் ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். திராட்சத்தோட்டத்தில் கூலி உண்டு. கூலி என்று பெயர்பெற்றவன் இல்லை.

இவ்வாட்கள் எங்கே இராத்தங்கினர்? சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்து ஊரொன்றில் ஒரு முதியவர், தம் பாட்டனார் சுமைதூக்கி மலையேறியவர் என்று கூறினார். தோப்பில் புளியமரத்தடியில் சருகைக் கூட்டி நெருப்பு மூட்டி, அதைச் சுற்றிக் காலை நீட்டிப் படுப்பார்களாம். மேலே சுமையை இறக்கியபின் குளிருக்கு அஞ்சி அன்றே திரும்பி இறங்கிவிடுவதும் உண்டாம். ஏற ஒரு பகல், இறங்க ஓர் இரவு. மலை யாருக்கு நலமளிப்பதற்காக நாடப்பட்டதோ அவர்கள் உச்சியில் உறங்கினர். அவர்களைச் சுமந்து சேர்த்தவர்கள் காய்ச்சலின் நடுவே அடிவாரத்தில் உறங்கினர். இதை ஒருவர் வேண்டுமென்றே செய்த கொடுமையாக எழுதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆனால் நிகழ்ந்தது இதுவே.

வழிப்போக்கரின் தாபரம்

எரேமியா 9:2ஐ மூலமொழியில் வாசிக்கும் மாணவர் ‘மாலோன்’ என்னும் எபிரெயச் சொல்லைக் காண்பர். இராத்தங்குதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. நம் பழைய திருப்புதல் தாபரம் என்று அதனை மொழிபெயர்த்திருப்பது மிகச் செம்மையானது. ஏசாயா 1:8இல் வரும் தோட்டத்துக் குடிசையும் இதே வேரினின்று வந்த ‘மெலூனா’ என்னும் சொல்லே. தீர்க்கதரிசி வேண்டுவது அரண்மனையன்று. வனாந்தரத்தில் வழிப்போக்கர் ஓரிரவு ஒதுங்கும் கூரை. ஏன் வேண்டுகிறார்? தம் ஜனத்தைவிட்டு அகன்றுபோவதற்காக. அவர் விருப்பம் நிறைவேறவில்லை. எருசலேமின் வீழ்ச்சி வரை அவர் தம் மக்களோடேயே இருந்தார். பளியர் சச்சரவைவிட்டு அகல்வது ஒரு வகை. எரேமியா அகல விரும்பியும் அகலாதது வேறொரு வகை. மிஷனெரியின் மலைவீடு இவ்விரண்டில் எதைச் சார்ந்தது?

இக்கேள்விக்கு நம் சபைகளில் இருவகை விடைகள் வழங்குகின்றன. ஏழைகளின் நடுவே ஊழியம் செய்ய வந்தவர்கள் வெள்ளையருக்கென ஒரு தனியூரை அமைத்துக்கொண்டார்கள், அது அகன்றுபோதலே என்பர் ஒருசாரார். மலை இல்லையேல் மிஷனே மாய்ந்திருக்கும், அது திரும்பி வருவதற்கான தங்கல் என்பர் மற்றொரு சாரார். இரண்டாம் கூற்றுக்குச் சான்று மிகுதி. மலையேறிய ஊழியர் பெரும்பாலோர் சில வாரங்களில் இறங்கிவந்து சமவெளியில் உழைத்து மாண்டனர். முதற் கூற்றிலும் உண்மை உண்டு. 1845இல் மலைமேல் எழுந்தவை மிஷனெரிக் குடும்பங்களுக்கான வீடுகள். அதே காய்ச்சலை அனுபவித்த தமிழ் உபதேசியாருக்கென அவை எழவில்லை. அவ்வாண்டில் தமிழருக்குக் கிடைத்தது பசுமலை. கல்வி கிடைத்தது, குளிர்ச்சி கிடைக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின் அக்கல்வியே சபையைத் தாங்கியது என்பதால் யாருக்கு எது பெரிது என்று தராசில் நிறுப்பது எளிதன்று.

எனினும் இரு சாராருக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இருவரும் வீட்டினுள் படுத்தவர்களைப் பற்றியே வாதிடுகின்றனர். நல்ல சமாரியன் உவமையில் காயமுற்றவனைச் சத்திரத்துக்குக் கொண்டுசேர்த்தது ஒரு வாகனமிருகம். அதற்குப் பெயரில்லை, இருக்கவேண்டியதுமில்லை. ஆனால் கோடைமலைப் பாதையில் வாகனமாயிருந்தவர்கள் மனிதர். லூக்கா அச்சத்திரக்காரனையும் அவனுக்குக் கொடுத்த இரண்டு பணத்தையும் மறவாமல் குறிப்பிடுகிறார். தங்குமிடத்தின் செலவை யார் ஏற்றார் என்பதைச் சொல்லாமல் இரக்கத்தின் கதை முடிவதில்லை என்று அவர் கருதினார் போலும்.

ஒரு மரணமும் ஒரு மகளும்

பெரியகுளம் நிலையத்தில் தாவீது காய்ட் ஸ்கடர் என்னும் இளைஞர் ஊழியம் செய்தார். ஆற்காட்டு ஸ்கடர் குடும்பத்தாரோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர் பாஸ்டன் நகரத்தவர். 1835இல் பிறந்து 1861இல் இந்தியாவுக்கு வந்தார். 1862 நவம்பர் 19ஆம் நாள், சுற்றுப்பயணத்திலிருந்து பெரியகுளத்துக்குத் திரும்புகையில், வெள்ளம் பெருகிய வைகையைக் கடக்க முற்பட்டு மூழ்கி இறந்தார். வயது 27. அவருடைய சகோதரர் ஹொரேஸ் ஸ்கடர் 1864இல் அவர் வரலாற்றையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார்.

நம் நூல்கள் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. ஆனால் அவருக்கு 1861 டிசம்பரில் மதுரையில் பிறந்த ஒரு மகள் இருந்தாள். தாயுடன் கைக்குழந்தையாக அமெரிக்கா திரும்பிய அவளே வைடா டட்டன் ஸ்கடர். வெல்லெஸ்லி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியை. தொழிலாளர் பக்கம் நின்ற கிறிஸ்தவ சமதர்மவாதி. கற்ற பெண்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியிருந்து பணிபுரியும் இல்லங்களை நிறுவியவர்களுள் ஒருவர். பாஸ்டனில் 1892இல் தொடங்கிய டெனிசன் இல்லம் அவற்றுள் ஒன்று. 1954இல் அவர் மறைந்தார். அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபை அவரை அக்டோபர் 10ஆம் நாள் நினைவுகூருகிறது. யார் யாருடைய கூரையின் கீழ் தங்குவது என்னும் கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டவர் பெரியகுளத்து மிஷனெரியின் மகள் என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். தகப்பன் இறந்த ஆற்றங்கரையிலிருந்து மகளின் கொள்கை பிறந்தது என்று கூறுவதற்கு ஆதாரம் தேடவேண்டியதில்லை. அவ்வளவு தூரம் செல்வது பிரசங்கத்துக்கு இனிக்கும், வரலாற்றுக்கு ஒவ்வாது.

பதிவேட்டின் பக்கங்கள்

மாணவர் சிலருடன் ஒருமுறை மேல்மலையில் உள்ள பழைய வன விடுதியொன்றில், அனுமதி பெற்று, ஓரிரவு தங்க நேர்ந்தது. தடித்த கற்சுவர், தகரக் கூரை, புகைபடிந்த கணப்பு, முன்புறம் ஒரு தாழ்வாரம். இருட்டியபின் சோலைக்காட்டிலிருந்து கடமானின் கூவல் ஒன்று கேட்டது. பின்னர் வெகுநேரம் ஒன்றுமில்லை. மாணவர் விடுதிப் பதிவேட்டைக் கணப்பின் வெளிச்சத்தில் புரட்டினர். அதிகாரிகளின் பெயர், பதவி, வந்த நாள், சென்ற நாள் யாவும் ஒழுங்காய் இருந்தன. எங்களுக்கு விறகு கொணர்ந்து, வெந்நீர் வைத்து, விளக்கேற்றிய காவலாள் சமையற்கட்டின் வாசலில் சாக்கு விரித்துப் படுத்தார். அவர் முப்பது ஆண்டுகளாக அங்கே இராத்தங்குபவர். அப்பதிவேட்டில் அவர் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. இருக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றியதுமில்லை. மாணவருள் ஒருவர், ‘ஐயா, நம் சபை நூற்றாண்டு மலர்களும் இப்படித்தானே?’ என்றார். அதற்கு நான் மறுமொழி கூறவில்லை. எத்தனையோ மலர்களுக்கு முன்னுரை எழுதிய கை இது.

1914இல் மலைச்சாலை முடிந்தபின் தோப்பும் பழைய பாதையும் பயனிழந்தன. இரவுகள் பகற்பொழுதின் சில மணிநேரங்களாகச் சுருங்கின. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, மருந்து தெளிப்போர் வீடுவீடாய்ச் சென்றபின் அடிவாரத்துக் காய்ச்சலும் பெரிதும் தணிந்தது. 2013இல் இம்மலைக்காடு கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பெற்றதால், காட்டினுள் இராத்தங்க இன்று வனத்துறையின் இசைவு வேண்டும்.

இப்பாதையின் வரலாற்றை எழுத முன்வரும் மாணவருக்கு ஓரிரு குறிப்புகள். மதுரை மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் உள்ளடங்கிய அமெரிக்கன் போர்டின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரைக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் அரசினர் நோக்கைத் தரும். சாண்ட்லரின் எழுபத்தைந்தாண்டு வரலாறு மிஷனின் நோக்கைத் தரும். இவை போதா. பெரியகுளம், வத்தலக்குண்டு பகுதிச் சேகரங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். தொழில் என்னும் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது, அடக்கப் பதிவில் காய்ச்சல் என்னும் சொல் எந்தெந்த மாதங்களில் கூடுகிறது என்பவற்றை அட்டவணையிட்டாலே ஓர் ஆய்வேடாகும். மிஷன் கணக்கேடுகள் கிடைப்பின் சுமைக்கூலி என்னும் தலைப்பைத் தேடுக. பின்பு கெங்குவார்பட்டி முதல் பெரியகுளம் வரை அடிவாரத்து ஊர்களில், சபையார் வீடுகளில் மட்டுமன்றி எல்லா வீடுகளிலும், திண்ணையில் அமர்ந்து கேட்கவேண்டும். சுமந்தோரின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர். அவர்களுக்கு வயது எண்பதுக்கு மேல்.